மரூனா முத்திரை

விமானம் வரும் நாளில் மரூனாவின் தபால் தலைவி ஹெஸ்டர் ட்ரெம்பாத் காலில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை. வீங்கிய பாதம் பூட்ஸுக்குள் போகாது. எப்படியோ திணித்தாலும் மாலையில் கழற்ற ஆள் வேண்டும். தபால் நிலையத்து மரத்தரையில் வெறுங்காலோடு நின்று, இன்றைக்கு மேலதிகாரி யாரும் வந்து தொலைக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொள்வாள்.

மேற்கு ஆஸ்திரேலியக் கரையில், வடக்கே போகும் விமானத் தபாலுக்கு மரூனாதான் கடைசி ஊர். வாரத்துக்கு ஒரு முறை பெர்த்திலிருந்து விமானம் வரும். ஊருக்கு வெளியே காய்ந்து கிடக்கும் களிமண் வெளியில் யாராவது ஆடுகளை விரட்டிவிட வேண்டும். பிறகு அது இறங்கும். வெயில் ஏறினால் எழும்புவது சிரமம் என்பதால் உச்சிக்கு முன்பே திரும்பிவிடும். அந்த இடைவெளியில் வந்த தபாலைப் பிரித்து, முத்திரை குத்தி, போக வேண்டியதைக் கட்டிக் கொடுத்தாக வேண்டும்.

கப்பல் தபால் மட்டும் இருந்த காலத்தில், விமானம் வந்துவிட்டால் பிள்ளைகளின் சேதி உடனுக்குடன் வரும் என்று ஊரே ஆசைப்பட்டது. வந்ததென்னவோ காலி உறைகள்தான். தபால் உறை சேகரிக்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் உலகமெங்கும் இருக்கிறதாம். வானத்தில் பறந்து வந்த உறை வேண்டுமாம் அவர்களுக்கு. பெர்த்தில் ஸ்டெப்பிங் என்ற வியாபாரி, உறைக்குள் ஒரு வெற்று அட்டையை வைத்து ஒட்டி, நூற்றுக்கணக்கில் மரூனாவுக்கு அனுப்புவார். முத்திரை நெளியாமல் விழத்தான் அந்த அட்டை. ஹெஸ்டர் பின்பக்கம் ஊர் முத்திரை குத்த வேண்டும். அதே விமானத்தில் அத்தனையும் அவருக்கே திரும்பிப் போகும்.

"பாதி பெட்ரோல் இந்தக் காலிக் கவருக்கே சரியாப் போகுது, மிஸஸ்," என்பான் விமானி கிளாரி ஹாடோ, குளிர்ந்த ஆட்டுக்கறியை மென்றபடி. "ஒரு கவர்லயாவது 'நல்லா இருக்கியா'ன்னு ஒரு வார்த்தை உண்டா?"

"ஒவ்வொண்ணுலயும் கையெழுத்துப் போட்டுத் தர்றியே, அதுக்குக் காசு வாங்கறேல்ல? வாயை மூடிட்டு டீயைக் குடி."

"நான் விழுந்து செத்தா இன்னும் விலை ஏறுமாம். ஸ்டெப்பிங்கே சொன்னாரு, என் மூஞ்சிக்கு நேரா."

அவன் சிரிப்பான். அவள் குத்திக்கொண்டே இருப்பாள்.

அந்த உறைகளில் ஒன்றையும் அவள் வெறுமையாகப் பார்த்ததில்லை என்பது கிளாரிக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. 'தபால் தலைவி, மரூனா' என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்த கை, அவள் பெற்ற மகளின் கை.

கணவன் படகுத்துறையில் தவறி விழுந்து இறந்த பிறகு, ஹெஸ்டருக்கு இந்த வேலையும் மகள் தர்ஸாவும்தான் மிச்சம். மகளுக்கு எழுத்துகளின் வளைவைத் தந்திப் படிவங்களின் பின்பக்கத்தில் கைபிடித்து எழுதிப் பழக்கியவள் அவளே. அந்தத் தர்ஸா, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுச் சினிமா காட்ட வந்த ரூபர்ட் லிடெல் என்பவனோடு ஒரு நாள் கப்பலேறினாள். படகுத்துறையில் ஊர் பார்க்க, ஹெஸ்டர் சொன்னாள்:

"போறவ போ. உன் கையெழுத்துகூட என் வாசலுக்கு வரக் கூடாது."

தாயின் பிடிவாதம் மகளுக்கும் இருந்தது. ஒரு வரி வரவில்லை. ஆண்டுகள் போயின.

பிறகு விமானத் தபால் தொடங்கியது. ஸ்டெப்பிங்கின் முதல் கட்டைப் பிரித்தபோது ஹெஸ்டர் அந்த எழுத்தைப் பார்த்தாள். தபால் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வரக் கூடாது என்ற கையெழுத்து நூற்றுக்கணக்கில் வந்து மேசையில் கிடந்தது. தபால் நிலையம் எந்தத் தபாலையும் திருப்பி விரட்ட முடியாது. சட்டம் அப்படி.

ஒரு கடையில் உட்கார்ந்து உறைக்கு இவ்வளவு என்று கூலிக்கு எழுதுகிறாள் என்றால், சினிமாக்காரன் கைவிட்டுவிட்டான் என்றுதானே பொருள். வாரா வாரம் தாய் அந்த எழுத்தை நாடி பார்ப்பதுபோலப் பார்த்தாள். சாய்ந்திருந்தால் தூக்கமில்லை, மை திட்டாக விழுந்திருந்தால் அவசரம் அல்லது அழுகை. பதில் எழுத மனம் பொங்கும். அவள்தானே போனாள், அவளே முதலில் எழுதட்டும் என்று அது அடங்கிவிடும்.

ஆனால் முத்திரையை மட்டும் அவள் ஏனோதானோவென்று குத்தவில்லை. திரும்பிப் போகும் கட்டை அங்கே பிரிப்பது யார் என்று அவளுக்குத் தெரியாதா? மையைப் புதிதாக ஊற்றி, மூச்சைப் பிடித்து, ஓர் எழுத்தும் சிதையாமல் குத்துவாள். இந்தக் கரையிலேயே தெளிவான முத்திரை மரூனா முத்திரைதான் என்று சேகரிப்பவர்கள் பேசிக்கொண்டார்கள். அத்தனை அக்கறையும் தங்களுக்காக என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள், பாவம்.

அந்த ஆண்டு சூறாவளியில் தந்திக் கம்பங்கள் சாய்ந்தன. அவற்றை நிமிர்த்த யாரும் இன்னும் வரவில்லை, ஊருக்குத் தந்தியே இல்லை. அப்படியொரு வாரத்தில்தான் அவள் ஸ்டெப்பிங்கின் கட்டைப் பிரித்தாள். எழுத்து மாறியிருந்தது.

உருண்டை உருண்டையாக, பள்ளிக்கூடத்துப் பையன் எழுதியதுபோல யாரோ எழுதியிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கடைசி உறைவரை அதே உருண்டை எழுத்து.

"கிளாரி," என்றாள். "ஸ்டெப்பிங் கடையில இத வேற யாரோ எழுதியிருக்காங்களே?"

"ஆமா மிஸஸ். எழுதிட்டிருந்த பொண்ணு ஆஸ்பத்திரில கிடக்கு. நெஞ்சு வியாதி. நான் கையெழுத்துப் போடறதுக்குக் கவரெல்லாம் அதுதான் விமானத் திடலுக்குத் தூக்கிட்டு வரும். இருமி இருமி ஆளே பாதியாயிடுச்சு. மிஸஸ் லிடெல்னு பேரு."

ஹெஸ்டர் கையிலிருந்த உறையை மேசையில் வைத்தாள்.

"நல்ல பொண்ணு," என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனான். "ஒவ்வொரு வாரமும் உங்களக் கேக்கும். மரூனா மிஸஸ் எப்படி இருக்காங்க, கால் வீக்கம் குறைஞ்சுதா, வெறுங்கால்லதான் நிக்கறாங்களான்னு. கடைக்காரங்க மரியாதைக்குக் கேக்குதுன்னு நெனச்சேன். உங்க காலைப் பத்தி அதுக்கு யாரு சொன்னாங்களோ..."

"அது என் பொண்ணு, கிளாரி."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். தொப்பியைத் தலையிலிருந்து எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"வார்டுக்குப் போய்ப் பாக்கறேன், மிஸஸ். எதுனா கொடுத்துவிடறதா இருந்தா குடுங்க. ஆனா சீக்கிரம். வெயில் ஏறுது. இன்னிக்குக் கெளம்பலேன்னா நாளைக்குத்தான்."

மேசையில் நானூறு உறைகள் முத்திரைக்குக் காத்துக்கிடந்தன. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தபாலைக்கூட அவள் தேக்கியதில்லை. குத்தி முடித்தால் எழுத நேரம் இல்லை. எழுதினால் இவை இந்த விமானத்தில் போகாது. இரண்டு கையாலும் அவள் அந்த உறைக்குவியலை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். சில கீழே விழுந்தன. குனிந்து எடுக்கவில்லை.

காகிதம் எடுத்தாள். என்ன எழுதுவது? மன்னித்துவிடு என்பதா, மன்னித்துவிட்டேன் என்பதா? எது சரி என்று யோசிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை. அவளுக்குக் களைப்பாக இருந்தது. கோபத்தை இத்தனை வருஷம் தனியாகத் தூக்கிச் சுமந்த களைப்பு. கதவருகே கிளாரி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான்.

கடைசியில், படகுத்துறையில் தான் போட்ட தடையை எடுப்பதொன்றே தன்னால் ஆகக்கூடியது என்று பட்டது.

'தர்ஸா, எழுது. அம்மா.'

அவ்வளவுதான். உறைமேல், வாயால் ஒரு தரமும் சொல்லியிராத அந்த லிடெல் என்ற பெயரையும் எழுதி, விமானத் தபால்தலை ஒட்டிக் கொடுத்தாள்.

அடுத்த விமானம் வரும்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நெஞ்சு வியாதி என்றால் அந்த நாளில் பாதி பேர் திரும்புவதில்லை. அந்த நானூறு உறைகளைப் பிறகு ஒரு நாள் குத்தி வைத்தாள். தேதி தப்பிய முத்திரை, விலை போகாது. போகாவிட்டால் போகட்டும்.

விமானம் வந்தது. கிளாரி மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு வந்தான். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஸ்டெப்பிங் உங்க மேல ஏகக் கடுப்புல இருக்காரு. நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதியிருக்காரு."

"எழுதட்டும். அது கெடக்கட்டும்."

"அது மூட்டைக்குள்ள இருக்கு. மேலேயே வெச்சிருக்கேன் இன்னொண்ணு. கட்டில்ல சாஞ்சு, பலகையை மடியில வெச்சு எழுதினாங்க. நர்ஸ் பக்கத்துல நின்னு திட்டிட்டே இருந்தாங்க. கேக்கவே இல்ல உங்க பொண்ணு."

ஹெஸ்டர் மூட்டையின் வாயை அவிழ்த்தாள். மேலாகவே அந்தக் கடிதம் இருந்தது. எழுத்து நடுங்கியிருந்தது. ஆனால் அந்த வளைவுகள் அவள் பழக்கியவை. 'தபால் தலைவி' என்று இல்லை. 'திருமதி ஹெஸ்டர் ட்ரெம்பாத்' என்று இருந்தது. தடவிப் பார்த்தாள், உள்ளே அட்டை இல்லை. காகிதம் மடித்து மடித்துத் தடிப்பாக இருந்தது.

பழக்க தோஷம், திறக்கும் முன்பு திருப்பிப் போட்டு முத்திரையை எடுத்தாள். அவசரமாகக் குத்தினாள். பாதி மரூனா பதிந்தது, மீதி கறையாக இழுத்துக்கொண்டு போனது.

"சேகரிக்கறவன் பாத்தா குப்பையில போடுவான், மிஸஸ்," என்றான் கிளாரி மெதுவாக.

"நல்லது," என்றாள்.

தபால் மூட்டையின் மேல் உட்கார்ந்து பிரித்தாள். முதல் வரியில் மகள் அவள் காலைப் பற்றி விசாரித்திருந்தாள். இரண்டாவது வரியில், உடம்பு தேற உலர்ந்த காற்று நல்லது என்று டாக்டர் சொல்வதாகவும், விமானத்தில் உட்காரும் அளவுக்குத் தெம்பு வந்தால் அங்கே வரலாமா என்றும் கேட்டிருந்தாள்.

அதற்கு மேல் ஹெஸ்டரால் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கிப் போயிற்று.

"கிளாரி, அந்த விமானத்துல எத்தன பேர் உக்காரலாம்?"

"கவரை எல்லாம் பெர்த்துலயே எறக்கிட்டா தாராளமா ஒருத்தர் படுத்துட்டே வரலாம், மிஸஸ்."

"எறக்கிடு," என்றாள் தபால் தலைவி.