சம்மணம் போட்ட கால்

என் கணவருக்குச் சலரோகம், நீரிழிவு. பெருவிரலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் கறுத்துக்கொண்டு போனபோதுதான், காலுக்கு இரத்தம் சரியாக ஓடவில்லை என்று தெரியவந்தது. காலை எடுக்க வேண்டிவரலாம் என்றார்கள். கடைசியில் தொடையிலிருந்து ஒரு இரத்தக் குழாயை எடுத்து, அடைபட்ட குழாய்க்குப் பக்கத்தால் முழங்காலுக்குக் கீழே வரை புதுப் பாதை போட்டார்கள். கால் தப்பியது. என் நிம்மதி போனது போனதுதான்.

வீட்டுக்கு வரும்போது தாதி என் விரலைப் பிடித்து அவருடைய பாதத்தின் மேல் வைத்து, நாடி துடிக்கும் இடத்தைக் காட்டிவிட்டார். அதன்பிறகு காலையில் அங்கே விரல் வைத்துப் பார்க்காமல் நான் தேத்தண்ணி வைத்ததில்லை. ஒருநாள் இதைக் கண்ட மச்சாள், இவருடைய தங்கை, "இந்தக் காலத்திலயும் புருசன்ர காலைத் தொட்டுக் கும்பிடுறீர்!" என்று உருகிப்போனாள். எனக்கிருந்த பயத்துக்குக் கும்பிட்டாலும் பிழையில்லை என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து எட்மண்டனில் இருந்த இவருடைய அண்ணை காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைத்ததும் இவர்தான், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டியதும் இவர்தான்.

"கதிரையில இருந்து செய்யுங்கோ. ஐயர் ஒண்டும் சொல்லமாட்டார்," என்றேன்.

"அண்ணைக்குக் கதிரையில இருந்தோ? என்ன கதை கதைக்கிறீர்! கால்மேல கால் போடக்கூடாதெண்டுதானே டொக்டர் சொன்னவர். சம்மணம் போடக்கூடாதெண்டு சொன்னவரோ?"

சொல்லவில்லைதான். நிலத்தில் மணிக்கணக்கில் சம்மணம் போட்டிருக்கும் மனிதரை அந்த டொக்டர் கண்டிருப்பாரோ தெரியாது.

அண்ணையின் வீட்டு ஹோலில் கிரியை நடந்தது. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, நான் இவருடைய மடித்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அந்தக் குழாயும் அப்படித்தானே மடிந்திருக்கும். "கெதியா முடியுங்கோ ஐயா," என்று இரண்டு தரம் சொல்லி, எல்லாருடைய முறைப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முடிந்து எழும்ப அவரால் ஏலவில்லை. கால் விறைத்துவிட்டது என்றார். நான் அந்த இடத்திலேயே முழந்தாளிட்டுப் பாதத்தில் விரல் வைத்தேன். பாதம் வெளிறிக் குளிர்ந்திருந்தது. நாடி இல்லை. திரும்பத் திரும்ப விரலை மாற்றி வைத்தேன். இல்லவே இல்லை. அவரைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கொண்டுபோகும்போது, "படைச்ச சோறு, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோவன்," என்று யாரோ கூப்பிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மச்சாளின் கணவர் காரை ஓட்டினார். இவர் பின்சீற்றில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கால் போனால் போகட்டும். அண்ணைக்குச் செய்யவேண்டியதைச் செய்திட்டன்," என்றார்.

"அது உங்கட கால் மட்டுமெண்டு நினைச்சியளோ? உங்களை மாடிப்படி ஏத்தி இறக்கப்போறது ஆர்? செத்தவருக்குச் செய்தியள், எனக்கு என்ன செய்தியள்?"

இன்னும் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பயம் கூடினால் எனக்குக் கோபம்தான் வரும்.

புதுக் குழாயில் இரத்தம் கட்டிபட்டு அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் நேரே ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். சரிவராவிட்டால் காலை எடுப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வெளியே இருந்து முருகனையும் கும்பிட்டேன், அவரையும் திட்டினேன். கண் முழித்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து வைத்தேன்.

சத்திரசிகிச்சை செய்த டொக்டர் வந்து, கட்டியை எடுத்தாயிற்று, இரத்தம் ஓடுகிறது என்றார். இன்னொரு தரம் அடைத்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

இவர் கண் முழித்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். உலர்ந்த வாயால் மெல்லக் கேட்டார்.

"இஞ்சாரும், கால் இருக்கோ?"

சேர்த்து வைத்த சொல் ஒன்றும் எனக்கு வரவில்லை. "ஓம், இருக்கு," என்றேன். அவர் நம்பவில்லை. போர்வையை விலக்கிக் காட்டினேன். அண்ணையின் செத்தவீட்டில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், தன் காலைப் பார்த்து விம்மி விம்மி அழுதார்.