ஒற்றைப் புதர்

ஓடைக்கரையில் அவர் கை வைத்தால் புல் பூண்டு மிஞ்சாது. அதனால் 'துடைப்பம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. குடிநீர் ஏரிக்கு வரும் ஓடைகளில் களை எடுப்பது அவர் வேலை. எங்கிருந்தோ வந்து கரையை வளைத்துப் போட்டிருந்த உண்ணிச்செடியைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். வெட்டுவார், தூரில் மருந்து தடவுவார், திரும்பத் துளிர்த்தால் மறுபடி வந்து நிற்பார். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட்டு முடிப்பதற்குள் தட்டைப் பிடுங்கிக் கழுவப் போய்விடுவார் என்று மனைவி புலம்புவாள்.

அதே ஓடையில் கூண்டு வைக்கிறவள் ஒருத்தி இருந்தாள். யாரோ வளர்த்துக் கைவிட்டு, கரையில் குட்டி போட்டுப் பெருகிவிட்ட பூனைகளைப் பிடிப்பது அவள் பொறுப்பு. வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் அவர்மேல் மரியாதை உண்டு.

அங்கே கானாங்கோழிகள் முன்பெல்லாம் கோரைக்குள் கூடு கட்டும். கோரை அழிந்தபின் வேறு போக்கிடமில்லாமல் உண்ணிப்புதருக்குள் புகுந்துகொண்டன. களைதான், ஆனால் முள் இருக்கிறதே! கடைசியில் மிஞ்சியது ஒரே ஜோடி. ஓடை திரும்பும் இடத்தில், அடர்ந்த புதருக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, அந்தத் திருப்பத்துல மட்டும் கை வைக்காதீங்க. சாம்பல் பூனை இன்னும் என் கூண்டுல மாட்டல. குஞ்சு பொரிச்சுத் தண்ணியில இறங்கட்டும், அப்புறம் ஆசை தீர வெட்டுங்க."

"சரிம்மா, நான் என்ன கல்நெஞ்சுக்காரனா?"

கல்நெஞ்சுக்காரர் இல்லை. வினையே அங்கேதான் வந்தது. மேலதிகாரி ஓடையைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், பளிச்சென்று கிடந்த கரையில் அந்த ஒரு முள்காடு அவர் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. சொன்ன சொல்லும் தவறக்கூடாது, கரையும் சுத்தமாக வேண்டும். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கூடிருந்த புதரைத் தொடாமல், சுற்றியிருந்ததை மட்டும் வெட்டினார். இயந்திரச் சத்தத்துக்குக் கோழி மிரளும் என்று கையரிவாளாலேயே வெட்டினார். சாயங்காலம் மனைவியிடம் பெருமை வேறு.

"முட்டை மேல உக்காந்தபடியே என்னைப் பாத்துது. அசையவே இல்ல தெரியுமா!"

"உங்களை நம்பியா? பாவம், விவரம் தெரியாத கோழி," என்று அவள் சிரித்தாள்.

மறுநாள் காலை அவர் போனபோது கூண்டுக்காரி அந்தப் புதருக்கு முன்னால் குந்தியிருந்தாள். உடைந்த முட்டை ஓடும் இறகுகளும் சிதறிக் கிடந்தன. பூனைக்குத் தேடுகிற வேலையே இருக்கவில்லை. வெட்டவெளியில் ஒரே ஒரு புதர். ஈர மண்ணில் பூனையின் காலடித்தடம் நேராக அதை நோக்கிப் போயிருந்தது.

"கூடு இருந்த புதரை நான் தொடவே இல்லையேம்மா," என்றார்.

"தொடலண்ணே. சுத்தி இருந்ததுதாண்ணே அதுக்கு மறைவு."

சொல்லிவிட்டுக் கூண்டை எடுத்து அந்தத் தடத்தின்மேல் வைத்தாள். வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருந்தால் அவருக்குக் கொஞ்சமாவது பாரம் குறைந்திருக்கும்.

சாம்பல் பூனை பிறகு கூண்டில் மாட்டியது. மாட்டி என்ன? ஜோடியில் மிஞ்சிய சேவல் மட்டும் கொஞ்ச நாள் கரையில் கத்திக்கொண்டு திரிந்தது. அப்புறம் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

மேலதிகாரிக்கோ அந்தத் திருப்பம் ரொம்பப் பிடித்துப்போனது. படம் பிடித்து, பெரிதாக்கி, 'பறவைக்கு விட்ட புதர்' என்று கீழே எழுதி, அலுவலக வாசலில் மாட்டச் சொல்லிவிட்டார். மொட்டைக் கரை, நடுவில் ஒற்றைப் புதர். தினமும் வேலைக்கு வரும்போது துடைப்பம் அதைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

"பறவைக்குன்னு ஒரு புதரை விட்டு வச்சிருக்கீங்களே, பெரிய மனசுங்க உங்களுக்கு!" என்பார்கள் வருகிறவர்கள்.

ஆரம்பத்தில் நடந்ததைச் சொல்லப் பார்த்தார். பாதியிலேயே அவர்கள் பேச்சு வேறெங்கோ போய்விடும். இப்போதெல்லாம், "ஆமாங்க, விட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அரிவாளை எடுக்க உள்ளே போய்விடுகிறார்.