கடைசி ஒரு படம்

அறுபதுகளின் கடைசியில் தருமபுரியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை பெண்ணை நிற்க வைத்தும் உட்கார வைத்தும், எழவு வீடுகளில் செத்தவரை நாற்காலியில் சாய்த்து மாலை போட்டும் எடுத்து எடுத்து அலுத்துப்போயிருந்தது. உயிரோடிருப்பவர்கள் விறைப்பாக நிற்பார்கள்; செத்தவர்கள் படம் நன்றாக இல்லை என்று சண்டைக்கு வர மாட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு ரோலில் பன்னிரண்டு படம். பதினொன்றோடு நிறுத்தி, கடைசி ஒன்றை எனக்கென்று வைத்துக்கொள்வேன். மறுநாள் விடியலில் சைக்கிளை அடிவாரத்தில் போட்டுவிட்டு வத்தல்மலை ஏறிவிடுவேன். மேலே ஓர் ஓடைக்குக் கடமான் தண்ணீர் குடிக்க வருகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பித்து. போய்ப் போய் வந்ததில் கால் வலிதான் மிச்சம்.

அப்படிப் போன ஒரு காலையில், சாமைக் கொல்லை நடுவே இருந்த வீட்டில் அழுகைச் சத்தம். என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்து ஒருவர் ஓடிவந்தார். அவருடைய நாலு வயது மகள், மூன்று நாள் காய்ச்சலில் வெள்ளி முளைக்கும் நேரத்துக்குப் போய்விட்டாளாம்.

"ஒரு படம் புடிச்சுக் குடுங்க சாமி. அவ மொகம் எங்ககிட்ட எதுலயும் இல்லீங்க."

ரோல் தீர்ந்துபோய்விட்டது என்றேன். வாய் கூசவில்லை. இங்கேயும் எழவு வீடா என்று எரிச்சல்தான் வந்தது. அவர் நம்பிவிட்டார். வழியை மறித்ததற்கு மன்னிக்கச் சொல்லி, ஓடைக்குக் குறுக்குப் பாதையும் காட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கென்று பார்த்து கடமான் வந்தது. தண்ணீரில் வாய் வைத்துவிட்டு நிமிர்ந்த நேரத்தில் எடுத்தேன். பின்னால் எதிர்ச்சரிவு வெயிலில் பளிச்சென்று விழுந்திருந்தது. என் ஆயுசில் அப்படி ஒரு படம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு ஸ்டுடியோவில் மாட்டினேன். வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

சில மாதம் கழித்து, சந்தைக்கு வந்த அந்த மனிதர் படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மானை அவர் பார்க்கவில்லை. சரிவின் மேல் விரலை வைத்து, தன் வீடு என்றார். நகத்தளவு கூரை, நான் அதுவரை கவனித்ததே இல்லை. அதன் முன்னால் இருந்த கரும்புள்ளிகளைப் புதர் என்று நினைத்திருந்தேன். எழவுக்கு வந்த சனம் என்றார்.

ரோல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார் என நின்றுகொண்டிருந்தேன். கேட்டிருக்கலாம். நாலு வார்த்தை திட்டு வாங்கியிருந்தால் இந்தப் பாரம் பாதி அன்றே இறங்கியிருக்கும். அவர் விரலை எடுக்கவேயில்லை.

"இன்னும் தூக்கலீங்க," என்றார். "எம்புள்ள உள்ளதான் இருக்குறா."