கடல் திரும்பி வரும் கதை

எனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் எழுதிய புத்தகத்தின் பெயரும் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்தபோதே அதற்கு அட்டை கிடையாது.

அப்பா அரியலூர் - செந்துறை பஸ்ஸில் கண்டக்டர். யாரோ சீட்டில் விட்டுப் போன புத்தகம் அது. டிப்போவில் சில நாள் வைத்திருந்து, யாரும் கேட்டு வராததால் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி. நான் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தேன். அக்கா எட்டாவது படித்தாள். லீவு நாட்களில், மத்தியானம் அம்மா கொல்லைக்குக் களை எடுக்கப் போனபின், அக்கா உரக்கப் படிப்பாள். நான் அவள் முதுகில் காதை வைத்துச் சாய்ந்திருப்பேன். கதை அவள் வாயிலிருந்து வருகிறதா, உடம்புக்குள்ளிருந்து வருகிறதா என்று தெரியாது.

கதை இதுதான். மழையில்லாத ஓர் ஊர். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. விட்டுப்போன இடத்தைத் தேடிக் கடல் திரும்பி வருகிறது. அலையாகப் பாய்ந்து வரவில்லை, மண்ணுக்கடியில் மெல்ல வருகிறது. முதலில் கிணறுகள் உப்புக் கரிக்கும். பிறகு நிலத்திலிருந்து சிப்பிகள் வெளியே வரும். அப்புறம் உச்சி வெயிலில் சிலருக்கு மட்டும் அலைச் சத்தம் கேட்கும். அதைக் கேட்ட ஒரு பெண் ஒருநாள் கிணற்றுக்குள் இறங்கிப் போய்விடுவாள். அதோடு கதை முடிந்தது என்று அக்கா புத்தகத்தை மூடினாள். ஏன் போனாள், என்ன ஆனாள் என்று கேட்டேன். அவ்வளவுதான் போட்டிருக்கிறது என்றாள்.

நாங்கள் இருவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் மானாவாரி பூமி. வரகும் நிலக்கடலையும் போடுவார்கள். அந்தக் கோடையில் அப்பா கொல்லையில் கிணறு வெட்ட ஆள் விட்டார். ஓராள் ஆழம் போனதுமே மண்ணோடு கற்கள் வந்தன. நத்தை போலச் சுருண்ட கல், சிப்பி அப்படியே பதிந்த கல். வெட்டியவர்கள் அதையெல்லாம் வியப்பில்லாமல் ஓரமாகக் கொட்டினார்கள். எங்கள் பக்கத்து ஓடைகளிலும் அந்த மாதிரிக் கற்கள் கிடக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். நான் ஒன்றை எடுத்து அக்காவிடம் காட்டினேன். அவள் அதை வாங்கித் தூர வீசினாள்.

கடைசியில் ஒரு மூலையில் ஊற்று கண்டது. அம்மா ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். "உப்புக் கரிக்குதே," என்றார். அப்பா வேலையை நிறுத்திவிட்டார். கிணறு பாதியில் நின்றது.

அந்த நாட்களில்தான் அலைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஈரச் சேலையைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது போன்ற ஓசை. இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். அக்காவுக்குத்தான் அது முதலில் கேட்டது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் தூங்கி எழுந்தபோது பக்கத்தில் அக்கா இல்லை. நேராகக் கொல்லைக்கு ஓடினேன். வேறெங்கும் தேட வேண்டும் என்றே தோன்றவில்லை. காற்று அசையவில்லை, ஒரு காக்காய் கூட இல்லை. கிணற்று மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தேன். அடியில் அக்கா நின்றிருந்தாள். கிணற்றுச் சுவரில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடியிருந்தாள். தண்ணீர் அவள் கணுக்கால் அளவுதான். நான் கூப்பிட்டதும் கண் திறக்காமலே, "நீ வராத. எறங்குன, கொன்னுருவேன்," என்றாள். அக்கா என்னை அப்படி அதட்டியதே இல்லை. கிணற்று மண்ணில் வெட்டியிருந்த முதல் படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா வருவதற்குள் அவளாகவே மேலேறி வந்து மேட்டில் நின்றிருந்தாள். பாவாடை இடுப்புவரை நனைந்திருந்தது. கீழே உட்கார்ந்திருப்பாள் என்று அம்மா சொன்னார். நான் பார்த்தபோது அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். அன்று சாயங்காலம் அக்கா புத்தகத்தை அடுப்பில் போட்டாள். அப்பா கிணற்றைத் தூர்த்துவிட்டார்.

பல வருடம் கழித்து, கல்லூரிச் சுற்றுலாவில் முதல் முறையாகக் கடலைப் பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, கண்ணில் படுவதற்கு முன்பே, அந்தச் சேலை இழுபடும் ஓசை கேட்டது. எல்லோரும் அலையைப் பார்த்து ஓடினார்கள். நான் திரும்ப ஏறிப் பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரம்பலூரில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், சின்ன வயதில் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர் ராஜா ராணிக் கதை என்றார், இன்னொருவர் துப்பறியும் கதை என்றார். நான் இந்தக் கதையைச் சொல்லி, எழுதியவர் பெயர் தெரியாது என்றேன். எங்கள் டைப்பிஸ்ட் அம்மாள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நானும் படிச்சிருக்கேங்க. அக்காளத் தேடிக்கிட்டு அந்தத் தங்கச்சியும் கெணத்துல எறங்குவாளே. அவதான் பாவம்."

தங்கச்சி யார் என்று கேட்டேன். அவள்தானே கதையே, முதல் பக்கத்திலிருந்து வருவாளே, சத்தம் முதலில் கேட்டது அவளுக்குத்தானே என்றார். அவளுக்கு என்ன ஆனது என்றேன். அவர் யோசித்துப் பார்த்தார், முடிவும் நினைவுக்கு வரவில்லை, புத்தகத்தின் பெயரும் வரவில்லை. படித்துவிட்டு அழுததும், ரொம்ப நாள் கிணற்றுப் பக்கம் போகாததும் மட்டும் நினைவிருக்கிறது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மீன்சுருட்டிக்குப் போனேன். அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தோம். அடுப்படியில் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். டைப்பிஸ்ட் சொன்னதைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"படிக்கிறப்ப அந்தத் தங்கச்சிய வுட்டுட்டுப் படிச்சேன். நீ சின்னப் புள்ள, பயந்துக்குவேன்னுதான்."

"தெரிஞ்சும் நீ ஏன்க்கா எறங்குன?"

"சத்தம் கேக்குதுன்னு மொதல்ல வந்து சொன்னது நீதான். எனக்கு ஒண்ணுமே கேக்கல. நான் போயிப் பாக்கலன்னா நீ போயிருப்ப."

எனக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து ஊதிவிட்டு நிமிர்ந்தாள். கீழே போனபின் அவளுக்குக் கேட்டதா என்று கேட்டேன்.

"கேட்டுச்சு," என்றாள். அரிந்த கத்திரிக்காயைச் சட்டியில் போட்டுவிட்டு, "சத்தம் மட்டும் இல்ல. உன் பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சு," என்றாள்.

பிறகு இலை போட்டு எனக்குச் சோறு வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.