எஞ்சினா, ரேடியேட்டரா

கொழிஞ்சாம்பாறை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருக்கிறது என் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை. மேசை ஓரத்தில் திருகாணி போட்டு வைக்கும் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். கடைசி டப்பாவில் மட்டும் திருகாணி கிடையாது. விரல் நீளத்துக்கு ஒரு பஞ்சுத் துண்டு, சாம்பல் நிறத்தில், கம்பளி போலக் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. ஒரு லேப்டாப்பின் காற்று வெளியேறும் வழியிலிருந்து நான் இழுத்து எடுத்தது. குப்பைக்குப் போக வேண்டிய பொருள்தான். கடையைக் கூட்டும்போதெல்லாம் கையில் எடுப்பேன், திரும்ப அங்கேயே வைத்துவிடுவேன். பொய் சொல்லாத பழுதுக்காரன் உலகத்தில் இல்லை. நாளைக்குத் தந்துவிடுகிறேன் என்று நான் தினமும் சொல்லுவதே பொய்தான். ஆனால் இந்தப் பஞ்சு சம்பந்தப்பட்ட பொய்யை நான் என் மச்சானிடம் சொன்னேன்.

மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். லாரி ஓட்டினார். இங்கிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு போவார், திரும்பும்போது கிடைத்த லோடை ஏற்றிக்கொண்டு வருவார். குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் மலைப்பாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். “எறக்கத்துல பிரேக்க மிதிக்கப்படாதுங் மாப்ளே, தொட்டுத் தொட்டு உடோணும்” என்பார், சாப்பாட்டு மேசைக்கு அடியில் அவர் வலது கால் அதைச் செய்துகாட்டிக்கொண்டே இருக்கும். வீதியில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். எனக்கு லேப்டாப் தொழில் பிடித்துப்போனதில் அவரைப் பார்த்து வந்த பொறாமைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அவர் மூடியைத் திறக்காமலே சொல்லுவார், நான் நாலு சோதனை போட்டால்தான் சொல்லுவேன்.

கஞ்சிக்கோட்டில் சாலையோரமாக லாரியை நிறுத்தி டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த வண்டி அவரை இடித்தது. வலது முழங்காலில் தகடு வைத்தார்கள். வீட்டுக்கு வந்தவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. வேலைக்கு வெளியூர் போன மகன் தன் கேமிங் லேப்டாப்பை அப்பாவுக்கு விட்டுப் போனான், லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்து, ஸ்டீயரிங்கும் கால் மிதிகளும் வாங்கித் தந்தான். மச்சான் அதில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். லேப்டாப் மேசையில் தாழ்வாக இருக்கிறது, லாரியின் முன்கண்ணாடி உயரத்துக்கு வரவில்லை என்று, தோட்டத்து மரத்து இலவம்பஞ்சு அடைத்த தலையணையை அதற்கு அடியில் வைத்துக்கொண்டார். அதன் தையல் ஓரிடத்தில் விட்டிருந்தது. லாரிக்காரருக்கு உயரம் முக்கியம். அந்த லேப்டாப் அடிப்பக்கமாகத்தான் மூச்சை உள்ளே இழுக்கிறது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை போய்வந்த நானும் அதைப் பார்த்துச் சிரித்தேனே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

சில மாதத்தில் லேப்டாப் மக்கர் செய்தது. ஓட்ட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் திரை முழுக்கக் கோடு கோடாக விழும், படம் உறையும், பிறகு அணைந்துவிடும். அக்கா அதைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போனாள். முதலில் வேறொரு திரையை இணைத்துப் பார்த்தேன். அதிலும் அதே கோடுகள். ஆக, கோளாறு திரையில் இல்லை, திரைக்குப் போகும் கேபிளிலும் இல்லை. கிராபிக்ஸ் கார்டை நிறுத்திவைத்து, பிராசசரே படம் காட்டும்படி மாற்றி ஓடவிட்டேன். சாயங்காலம் வரை ஒரு குறையும் இல்லை. சந்தேகம் கார்டின் மேல் விழுந்தது. கேமிங் லேப்டாப்பில் கார்டு என்பது பலகையோடு பற்றவைத்த சில்லு. அது போனால் பெரும்பாலும் கதை முடிந்தது. மறுநாள் கார்டைத் திரும்ப இயக்கி, அதற்கு முழு வேலை கொடுத்து, சூட்டைக் கவனித்தேன். மூன்றே நிமிடத்தில் சூடு உச்சிக்குப் போயிற்று. விசிறி கத்துகிறது, ஆனால் காற்று வெளியேறும் துளையில் கையை வைத்தால் காற்றே இல்லை. அப்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழற்றினால் விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே இந்தப் பஞ்சு. அதை எடுத்தேன், சில்லின் மேல் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்த, சூடு கடத்தும் பசையைச் சுரண்டிப் புதுசு பூசினேன், மத்தியானம் முழுவதும் ஓடவிட்டேன். ஒரு கோடு கூட விழவில்லை.

சந்தோஷத்தோடு அக்காவுக்குப் போன் போட்டேன். லேப்டாப் சரியாகிவிட்டது என்றேன். அவள் சொன்னாள்: “அது தேறாதுன்னு சொல்லிப்போடு கண்ணு. நடக்கோணும் நடக்கோணும்னு டாக்டர் தலப்பாடா அடிச்சுக்கறாங்க. இவரு அந்தப் பொட்டிக்கு முன்னால உக்காந்தா எந்திரிக்கறதே இல்ல. கால் அப்படியே மரக்கட்டயாயிருமோன்னு எனக்குப் பயமா இருக்குது.” அவள் அழுதாள். அக்கா அழுதால் எனக்கு அறிவு வேலை செய்யாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதோடு அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாகவும் பட்டது. சரி என்றேன்.

அன்றைக்கே வீட்டுக்குப் போனேன். மச்சான் மேசைக்கு முன்னால், ஸ்டீயரிங்கின் மேல் கை வைத்தபடி, லேப்டாப் இல்லாமலே உட்கார்ந்திருந்தார். கீழே பிரேக் மிதியில் ஒரு துண்டு கட்டிக் கிடந்தது. எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் கேட்டார், “ஏனுங் மாப்ளே, எஞ்சின் போயிருச்சுங்களா, இல்ல ரேடியேட்டர் அடச்சிருக்குதுங்களா?” இரண்டு நாள் சோதனை போட்டு நான் கண்டுபிடித்ததை மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தே கேட்டுவிட்டார். “எஞ்சினுங் மச்சான்” என்றேன். “அப்பச் சரி, உங்க கடைலயே கெடக்கட்டும்” என்று சொல்லி, குனிந்து அந்தத் துண்டை அவிழ்த்து, உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அக்கா நினைத்தபடியே மச்சான் நடந்தார். வாசலிலிருந்து கிணற்றடி வரை, கிணற்றடியிலிருந்து வாசல் வரை. ஊன்றுகோலை வைத்துக்கொண்டு, வலது காலை விறைப்பாக வீசி வீசி, முழங்காலை மடக்காமல் நடந்தார். மூன்று மாதம் கழித்துப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், பழைய சீட்டை எடுத்துப் பார்த்தார். போன தடவை நன்றாக மடங்கி வந்த முழங்கால் ஏன் இப்படி இறுகிவிட்டது, அப்போது வீட்டில் என்ன பயிற்சி செய்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். மச்சான் தயங்கித் தயங்கி, பள்ளிப் பிள்ளை மாதிரி சொன்னார்: “பிரேக் மிதிச்சுட்டு இருந்தனுங்க. வழுக்காம இருக்கக் காலைத் துண்டுல கட்டிக்குவனுங்க. மறுக்கா லாரி ஓட்டலாம்னு ஒரு நெனப்பு. ஊட்டுல சொன்னாச் சிரிப்பாங்கன்னு சொல்லுலீங்க. இப்ப வண்டி இல்லீங்களே.” அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடங்குவதற்கான காலம் அந்த மூன்று மாதம்தான், இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர்.

திரை இல்லாவிட்டால் என்ன, வெறும் மிதியை மிதித்திருக்கலாமே என்று அக்கா பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள். தன்னைத் தேற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னாள். போகாத வண்டிக்கு யார் பிரேக் போடுவார்கள்? எப்படியும் அந்தக் கால் தேறியிருக்காது என்றும் சொல்கிறாள். இருக்கலாம். கோளாறு திரையிலா கார்டிலா என்று சந்தேகம் வந்தால் வேறொரு திரையை இணைத்துப் பார்ப்பேன். நடந்து முடிந்த மூன்று மாதத்துக்கு அப்படி எந்தச் சோதனையும் இல்லை. நான் வருந்துகிறேன், வெட்கப்படுகிறேன். ஆனாலும் மச்சானிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் அக்காவையும் காட்டிக்கொடுத்தாக வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

போன மாதம் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று மச்சான் கடைக்குள் வந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கம் கழன்றிருந்தது, பொடித் திருகாணி ஒன்று வேண்டும் என்றார். நான் வேறு வேலையில் இருந்தேன். அவரே டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தார். கடைசி டப்பாவில் கை நின்றது. பஞ்சை எடுத்து ஓரத்தைப் பிய்த்து, விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். தன் தோட்டத்துப் பஞ்சு அவருக்குத் தெரியாதா?

“ரேடியேட்டர்தானுங்களா?” என்றார்.

“ஆமாங் மச்சான்.”

பஞ்சை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அக்கா சொன்னாளா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நான்தான் உளறினேன், லேப்டாப் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, நன்றாக ஓடுகிறது, இன்றைக்கே கொண்டு போகலாம் என்று. “அது ஓடுமுங்க” என்றார், நீட்டி வைத்திருந்த தன் காலைப் பார்த்தபடி. பிறகு நிமிர்ந்து, கோபம் துளியும் இல்லாமல் சொன்னார்: “வேற எவனாச்சும் எஞ்சினுன்னு சொல்லியிருந்தா, கழட்டிக் காட்டுடான்னு சொல்லியிருப்பனுங் மாப்ளே. நீங்க சொன்னீங்க.”

பஸ் வந்து ஹாரன் அடித்தது. மச்சான் பஞ்சை டப்பாவுக்குள் வைத்து, மூடியைத் திருகி, வரிசையில் அதன் இடத்திலேயே வைத்தார். பஸ் படியில் இடது காலை வைத்து ஏறினார், பிறகு வலது காலைக் கையால் தூக்கி உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். வழக்கம்போல டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பிப் போன பிறகுதான் பார்த்தேன், அவருடைய மூக்குக் கண்ணாடி என் மேசையிலேயே கிடந்தது, திருகாணி போடாமல்.