சித்தப்பா பேசிய வேற்றுகிரகவாசி

எங்கள் சித்தப்பா ஒருமுறை வேற்றுகிரகவாசியாக இருந்தார். சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். சத்தியமாகத்தான் சொல்கிறேன். திரையில் தெரிந்த உடம்பு எந்த நாட்டுக் கம்ப்யூட்டரில் செய்ததோ எனக்குத் தெரியாது. குரல் மட்டும் அம்பத்தூர் மேனாம்பேடு, எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன்.

அவருக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் வேலை. லீவு நாளில் வடபழனிக்குப் பஸ் ஏறி டப்பிங் தியேட்டருக்குப் போவார். வெளிநாட்டுப் படங்களைத் தமிழில் பேசவைக்கும்போது, கூட்டம் கத்துகிற இடங்களுக்குப் பத்துப் பேரை மொத்தமாக நிற்கவைத்துக் கத்தச் சொல்வார்களாம். அந்தப் பத்தில் ஒருவர் சித்தப்பா. சாயங்காலம் தொண்டை கட்டிப்போய் வந்து, "இன்னிக்கு மூணு தபா செத்தேன் கண்ணு. ஒரு தபா பில்டிங் வுயுந்து, ரெண்டு தபா வெள்ளத்துல" என்று கணக்குச் சொல்வார்.

இந்தப் பேச்சுதான் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினை. தாத்தா காலம் வரை ஊரான் வயலில் நாற்று நட்டவர்கள் நாங்கள். அப்பா கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனதும் என்னைக் கான்வென்டில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து "இன்னா" என்று வாயைத் திறந்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். "கீது" என்றால் இரண்டு கிள்ளு. மாடிக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது. அங்கே நானும் சித்தப்பாவும் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருப்போம். அவரைப் போல ஒரு கூட்டாளி எனக்குப் பள்ளியில்கூடக் கிடையாது.

நான் ஆறாவது படிக்கும்போது அவருக்குத் தனிக் குரல் வாய்ப்பு வந்தது. படத்தின் கதை இதுதான். தண்ணீர் வற்றிப்போன ஒரு சிற்றூரில் வானத்திலிருந்து ஒன்று வந்து விழுகிறது. தரையில் காதை வைத்தால் அடியில் ஓடும் நீர் அதற்குக் கேட்கும். ஊரார் அதைக் கூட்டிக்கொண்டு திரிந்து, அது காட்டிய இடமெல்லாம் தோண்டித் தண்ணீர் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. இதனால்தான் வந்தது என்று சொல்லி, அதைப் பிடித்து இறைச்சி வைக்கிற ஐஸ் அறையில் பூட்டுகிறார்கள். கடைசியில் ஒரு சிறுமி கதவைத் திறக்கும்போது அது செத்துக்கொண்டிருக்கிறது.

இந்த மாதிரிப் படங்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. நம்மைப் போல இல்லாத ஒருத்தர் நம் வாசலில் வந்து நின்றால் நாம் என்ன செய்வோம்? தமிழில் பேசவைத்தவர்கள் அந்தக் கேள்விக்குப் படம் தொடங்கும் முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். ராணுவ அதிகாரி, டாக்டர், டீச்சர் எல்லோருக்கும் செய்தி வாசிக்கிற தமிழ். வானத்திலிருந்து விழுந்ததற்கு மட்டும் எங்கள் தெருப் பேச்சு. அது வாயைத் திறந்தாலே ஜனம் சிரிக்க வேண்டுமாம். சித்தப்பாவைக் கூப்பிட்டது அதற்குத்தான்.

அவருக்கும் அது தெரியும். சிரிக்கவைப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. சாகிற இடத்தில் மட்டும் மாட்டேன் என்றிருக்கிறார். எழுதிக் கொடுத்த வசனம், "ஐஸ்ல வெச்சிட்டியே, நான் இன்னா வஞ்சிர மீனா?" அரை நாள் மன்றாடி, அங்கே வேறு வசனம் பேச அனுமதி வாங்கினார். இதை என்னிடம் மட்டும் சொன்னார். மொட்டைமாடியில் தண்ணீர் டாங்க் நிழலில் என்னை அந்தச் சிறுமியாக உட்காரவைத்து, தான் படுத்துக்கொண்டு பேசிக் காட்டினார்.

"குளுருது கண்ணு. கொஞ்ச நேரம் கூட குந்திகினு இரு."

அவ்வளவுதான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் எழுந்து என் மூக்கைத் துடைத்துவிட்டார். "இத்த மாதிரிதான் தியேட்டரே கம்முனு ஆயிடும் பாரு. அத்தினி நேரம் சிரிச்ச ஜனம் அயுவும்" என்றார். அத்தனை வருடமும் கும்பலோடு கும்பலாகக் கத்திச் செத்தவருக்கு, தனியாக ஒருமுறை செத்து நாலு பேரை அழவைக்க வேண்டும் என்று ஆசை.

படம் ஆவடிப் பக்கம் ஒரு தியேட்டருக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு வீட்டில் எல்லோருக்கும் சித்தப்பாவே டிக்கெட் எடுத்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. மின்சார ரயில் திருமுல்லைவாயில் தாண்டும்வரை தொண்டைக்கு மிளகு மென்றுகொண்டே வந்தார், என்னவோ அன்றைக்குத்தான் பேசப்போகிறவர் போல.

தியேட்டரில் எங்களுக்கு முன் வரிசையில் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்துக் கையாட்டினார்கள். ஒருநாள் வாய்தவறி வீட்டை "ஊடு" என்று சொல்லிவிட்டதற்காக ஒரு மாதம் என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டியவர்கள் அவர்கள்தான்.

வேற்றுகிரகவாசி முதல்முறை வாயைத் திறந்து "இன்னா நைனா" என்றதும் தியேட்டர் அதிர்ந்தது. ஒரே விசில். சித்தப்பா முழங்கையால் என்னை இடித்துக்கொண்டே இருந்தார். அம்மாகூடச் சிரித்தாள். முன் வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி, "எங்க வீட்ல வேலை செய்யற அக்கா மாதிரியே பேசுதுடி!" என்றாள். நான் தலையாட்டினேன். இதோ பக்கத்தில் இருக்கிறாரே, இவர்தான் அந்தக் குரல் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கடைசியில் ஐஸ் அறைக் கதவு திறந்தது. சித்தப்பா திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் ஜனத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளுருது கண்ணு" என்றது அது. ஒரு நொடி நிஜமாகவே அமைதி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கொஞ்ச நேரம் கூட குந்திகினு இரு."

பின்னாலிருந்து எவனோ ஒருவன் கெக்கெக்கே என்று சிரித்தான். "குந்திகினாம்டா!" அது போதும், தியேட்டர் முழுக்கப் பற்றிக்கொண்டது. இரண்டு மணி நேரம் அந்தக் குரலுக்குச் சிரித்தே பழகியவர்கள், அது சாகும்போது மட்டும் எப்படி நிறுத்துவார்கள்?

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். அது சிரிப்பு வசனம் இல்லை என்று அவர் சொல்லிக் கேட்டவள் அந்த அரங்கில் நான் ஒருத்திதான். அதே நேரம் பார்த்து அந்தப் பெண்கள் இருவரும் சிரித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "குந்திகினு, குந்திகினு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வெட்கங்கெட்ட கழுதை. சித்தப்பாவின் முகத்தில் கோபமே இல்லை. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலை.

வெளியே வந்து எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். "ஜனம் நல்லா சிரிச்சிதுண்ணா, அது போதும்" என்று அப்பாவிடம் சொன்னார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் வழக்கம்போல மாடிக்கு ஓடினேன். "வாம்மா, உட்காரு. ஹோம்வொர்க் எல்லாம் முடிச்சிட்டியா?" என்றார். "இன்னா சித்தப்பா, புச்சா பேசற?" என்று கேட்டேன். அவர் லேசாகச் சிரித்து, "இப்படிப் பேசினாத்தான் உனக்கு நல்லதும்மா" என்றார். அன்றைக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எப்போதுமே என்னிடம் அப்படித்தான், அம்மாவின் தமிழில், நிறுத்தி நிதானமாக. பட்டறை ஆட்களோடும் அப்பாவோடும் பழைய பேச்சேதான்.

கல்லூரியில் அதே படத்தை அதன் சொந்த மொழியில் போட்டார்கள். வேற்றுகிரகவாசி என்பது நாம் வெளியே நிறுத்திவைத்தவர்களின் உருவம் என்று பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். சாகிற காட்சியில் ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்துப் பெண் மூக்கை உறிஞ்சினாள். அந்த உதட்டசைவுக்கு எனக்கு மட்டும் வேறு குரல் கேட்டது. உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

போன மாதம் மேனாம்பேட்டுக்குப் போயிருந்தேன். தெருமுனை டீக்கடையில் சித்தப்பா யாரையோ கலாய்த்துப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆசை ஆசையாகப் போய், "இன்னா சித்தப்பா, எப்டி கீற?" என்றேன். இத்தனை வருடம் பேசாத நாக்கு. எனக்கே அது யாரையோ நக்கல் செய்வது போலக் கேட்டது. அவர் சிரிப்பு நின்றது. "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்து எனக்கு இடம் காட்டினார்.

ஆறாம் வகுப்புக்காரிக்கு இதெல்லாம் எங்கே புரிந்தது? படம் பார்த்த அந்த வாரம் அவள் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து, "அம்மா, சித்தப்பா இப்பல்லாம் என்கிட்ட நல்ல தமிழ்லதான் பேசுறாரு. திருந்திட்டாரும்மா" என்று கத்தினாள். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்காகத்தான் திருந்தினார் என்று எனக்கோ கொள்ளைப் பெருமை.