மூன்று ஓட்டையும் ஒரு முகூர்த்தமும்

அப்பாவின் வயிற்றில் மூன்றே மூன்று பிளாஸ்திரிகள்தான் இருந்தன. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒன்று, விலாவுக்குக் கீழே இரண்டு. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. போர்வையை விலக்கிப் பார்த்த அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

ஏன் என்று சொல்கிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ஆவடியில் பாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் வரிசையில் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட நான்கைந்து பேருக்கும் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை தையல். சட்டையைத் தூக்கிக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரி, இரண்டு மாதம் மெடிக்கல் லீவு. சீக்கிரம் வீட்டுக்கு வந்தவர் ஒரே ஒருவர்தான், அடுத்த பிளாக்கில். அவரைத் திறந்து பார்த்துவிட்டு மூடி அனுப்பிவிட்டார்கள். நாற்பதாம் நாள் அவர் வாசலில் சாவுப் பந்தல்.

அப்பாவுக்குக் கல்லீரலில் நீர்க்கட்டி. தேங்காய் அளவு இருக்கிறது என்றது ஸ்கேன். நான்கு வாய்ச் சோற்றுக்கு மேல் இறங்காமல் ஆள் பாதியாகியிருந்தார். பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கிருந்த இளம் டாக்டர், "வயித்தைக் கிழிக்க வேண்டாம். கேமரா விட்டு உள்ளேயே பண்ணிடலாம்" என்றார். நாங்கள் தலையாட்டினோம். புரிந்து தலையாட்டுவது வேறு, டாக்டர் முன்னால் தலையாட்டுவது வேறு.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அவரே வந்தார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். பத்தியமெல்லாம் கிடையாது, பிடிச்சதைக் கொடுங்க" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் எங்களைக் கொன்றது. 'பிடிச்சதைக் கொடுங்க' என்று ஒரு டாக்டர் எப்போது சொல்வார் என்பது குவார்ட்டர்ஸில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கைவிட்ட கேஸுக்குத்தான். கெட்ட சேதியை எந்த டாக்டரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார், நாமும் நேரே கேட்டு அவரைச் சங்கடப்படுத்தமாட்டோம். மரியாதை என்று அதற்கு ஒரு பெயர் வேறு வைத்திருந்தோம்.

அப்பாவாவது தெளிவாகப் பேசுவார் என்று பார்த்தேன். டாங்கி பாக்டரியில் முப்பது வருட பிட்டர் அவர். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அம்மாவையும் என்னையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார்:

"பீரங்கிக் கொழாக்குள்ள லைட்டு வெச்ச கம்பிய உட்டுப் பாப்போம். அதுக்குப் பேரு இன்ஸ்பெக்‌ஷன். அதுல பாக்கத்தான் முடியும். ரிப்பேருன்னா கயட்டித் தொறந்தே ஆவணும். கையே போவாத எடத்துல இன்னா வேல செய்வான்? ஓட்டை போட்டுப் பாத்துக்கீறான். தேறாதுன்னு தெரிஞ்சிபோச்சி. ரிஜெக்ட் பண்ணி அனுப்பிட்டான்."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்தார். "கண்ண மூடறதுக்குள்ள உன் கல்யாணத்தப் பாத்துர்றேன்."

நான் அப்போது பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கடைசி வருடம். தாத்தா காலம்வரை பருத்திப்பட்டு ஏரிக்கரை வயல்களில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து காலேஜுக்கு ரயிலேறிய முதல் பெண். பரிட்சைக்கு மூன்று மாதம் இருந்தது.

மறுநாளே குமணன்சாவடியிலிருந்து அத்தை வந்து நின்றாள். அவள் மகன் அங்கே லேத் பட்டறை வைத்திருந்தான். முறைப்பையன்தான். நல்லவன்தான். ஆனால் எனக்கு அப்போது கல்யாணமே வேண்டாம். "படிப்பு எங்கியும் ஓடிப் போவாது கண்ணு. உங்க நைனாதான்..." என்று ஆரம்பித்த அத்தை முடிக்காமல் அழுதாள். சரி என்றேன்.

சோதனை செய்து பார்க்காமல் இன்ன உப்பு என்று எழுதாதே என்று லேபில் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படிப் படித்தவள், டாக்டரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கிடையே அப்பா சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அம்மா மீன் என்றும் தலைக்கறி என்றும் கேட்டுக் கேட்டுச் செய்துபோட, இரண்டு தட்டு காலியாகும். கன்னம் உப்பியது. எங்களில் ஒருத்திக்காவது உறைத்ததா? "அணையப் போற வெளக்கு அப்பிடித்தான் எரியும்" என்றாள் அத்தை. எல்லாரும் ஆமாம் போட்டோம். அப்பா வீட்டுக்கு வந்த பத்தொன்பதாம் நாள் கோயிலில் எனக்குத் தாலி ஏறியது. குமணன்சாவடியிலிருந்து காலேஜுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். புதுப்பெண் அப்படி அலையக் கூடாது என்றார்கள். நின்றுவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழிந்ததும் டாக்டரைப் பார்க்கப் போனோம், அப்பாவும் நானும். லீவு முடிகிறது, பாக்டரிக்கு ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும். அதற்காகத்தான். டாக்டர் புது ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு. திங்கக்கிழமை வேலைக்குப் போங்க" என்றார்.

அப்பா கைகூப்பினார். "சார், இன்னும் எவ்ளோ நாளுன்னு சொல்லிருங்க. நான் தாங்கிக்குவேன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போய், அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மூலையிலிருந்த டிவியில் போட்டார். அப்பாவின் கல்லீரல். ஈரமாய், செம்பழுப்பாய் மின்னியது. அதன்மேல் நீலம்பாய்ந்த ஒரு குமிழ். பக்கவாட்டிலிருந்து குருவி மூக்கு மாதிரி இரண்டு கருவிகள் உள்ளே வந்தன. ஒன்று பிடித்தது, ஒன்று வெட்டியது. நீர் வடிந்து குமிழ் சுருங்கிப்போயிற்று.

அப்பா எழுந்து டிவிக்குக் கிட்டே போனார். "உள்ளயே வேல செய்றான்," என்றார் மெதுவாக. "தொறக்காமயே..."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பிழைத்துவிட்டாய் என்று கேட்ட மனிதர் அப்படி அதிர்ந்து நின்றதை நான் அதற்குப் பிறகு எங்கேயும் பார்த்ததில்லை.

டாக்டர் அப்போதுதான் என் கழுத்தைக் கவனித்தார். "அட, கல்யாணம் ஆயிடுச்சா? வார்டுல உக்காந்து கெமிஸ்ட்ரி படிச்சிட்டிருந்தியே. பரிட்சை எப்பம்மா?"

அப்பா உயிரோடு இருக்கப்போகிறார். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. சாகப்போகிறார் என்றுதானே கழுத்தை நீட்டினேன் என்ற ஆத்திரம். பெற்ற தகப்பனிடம் இப்படியும் தோன்றுமா என்று என்னைக் கண்டு நானே மிரண்டுபோனேன்.

திரும்பும் பஸ்ஸில் பூந்தமல்லிவரை அப்பா சட்டைமேலேயே வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான், "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார்.

டாக்டரைக் கேட்டிருக்கலாம் என்றாரா, என்னைக் கேட்டிருக்கலாம் என்றாரா? அதன்பின் இருபது வருடம் நன்றாக இருந்தார். அதையும் நான் கேட்கவில்லை.